முட்டைக்கோஸில் ஓட்டை

ஹார்ல்பரியில் இன்னும் சந்தை இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் திர்ஸா கேதர்கோல். சந்தை நாளான வியாழக்கிழமைக்கு இடைஞ்சல் வராமல் புதன்கிழமை கல்யாணம் செய்துகொண்டவர் அவர். கணவர் இறந்ததும் ஒரு புதன்கிழமை, அடக்கம் வெள்ளிக்கிழமை. நடுவில் வந்த வியாழனன்று கறுப்பு உடையில் சதுக்கத்தில் நின்று முட்டைக்கோஸ் விற்றார். துக்கம் விசாரித்தவர்களிடம், "அவர் இருந்திருந்தாலும் போய்ட்டு வான்னுதான் சொல்லியிருப்பார்" என்றார்.

எப்போதோ இந்த வழியாகப் போன அரசர் ஒருவர் வயிறு சரியில்லாமல், ஒரு வியாழக்கிழமை முழுவதும் இங்கே படுத்துக்கிடந்தாராம். குணமான மகிழ்ச்சியில் ஊருக்குச் சந்தை உரிமை கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை: வியாழன்தோறும் நண்பகல் மணிக்குள் சதுக்கத்தில் ஒரு பொருளாவது காசுக்குக் கைமாற வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் உரிமை போச்சு, சதுக்கம் நகர மன்றத்துக்கு.

சூப்பர்மார்க்கெட் வந்தபின் மீன்காரர் போனார், சீஸ்காரர் போனார், மிஞ்சியது திர்ஸாவின் கால் ஆடும் மேசை ஒன்றுதான். மன்றத்துக்கோ கார் நிறுத்த இடம் வேண்டும். மன்றச் செயலர் பின்னக், ஒரு கையில் மணியும் கக்கத்தில் 'கார் நிறுத்துமிடம்' என்ற பலகையுமாக வாராவாரம் வந்து நிற்பார். நல்ல மனிதர். எழுத்து திர்ஸாவின் கண்ணில் படாதபடி பலகையை உள்பக்கமாகத் திருப்பியே வைத்திருப்பார்.

ஆனால் உண்மையான ஆபத்து ஊர்க்காரர்களின் மரியாதைதான். இங்கே பேரம் தலைகீழ். விற்பவர் விலையைக் குறைப்பார், வாங்குபவர் ஏற்றுவார். யாருக்காவது பஸ்ஸுக்கு நேரமாகி, காசை வைத்துவிட்டு ஓடினால்தான் விற்பனை உண்டு. அப்படியேதான் சந்தை ஓடிக்கொண்டிருந்தது.

போன பிப்ரவரியில் ஒரு வியாழன். பனிமழை, பஸ் வரவில்லை. சதுக்கத்தில் திர்ஸா, பின்னக், வெளியூரிலிருந்து வந்து இங்கே குடியேறிய நான். கதவைப் பூட்டினேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்ததில் நான் பர்ஸை வீட்டிலேயே விட்டிருந்தேன். நண்பகல் நெருங்கியபோது வில்ஃப் ஆட்டவே வந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர், திர்ஸாவின் பக்கத்து வீடு. வேலிக்கு இருபுறமும் நின்று இருவரும் வானிலையைத் தவிர எதையும் பேசியதில்லை.

"மன்னிக்கணும் மிஸஸ் கேதர்கோல், தொந்தரவு இல்லேன்னா ஒரு கோஸ்..."

"உங்களுக்கு இல்லாததா மிஸ்டர் ஆட்டவே! ஒரு பவுண்டுதான். நனைஞ்சிருக்கு, பாதி குடுங்க போதும்."

"சேச்சே, இவ்ளோ பெரிய கோஸு. ரெண்டு வச்சுக்குங்க."

"ஐயோ, அது கொள்ளை. கால் பவுண்டு."

"மூணு!"

"அப்ப சும்மாவே எடுத்துட்டுப் போங்க!"

பின்னக் இருமினார். "மன்னிக்கணும். சும்மா குடுத்தா விற்பனைல சேராதுங்க. மணியடிக்கிற நேரம் ஆச்சு."

திர்ஸாவின் முகம் வெளுத்தது. "தெரியும் மிஸ்டர் பின்னக். சும்மான்னு சொன்ன வாயால காசு கேக்கச் சொல்றீங்களா?"

"சும்மா வாங்க எனக்குக் கை நீளாதே" என்றார் வில்ஃப்.

"இத்தனை காலச் சந்தை என் மேசையிலயா சாகணும்?" என்றார் திர்ஸா, கோஸைப் பார்த்து. பின்னக் மனமில்லாமல் பலகையை வெளிப்பக்கமாகத் திருப்ப ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வில்ஃபின் கோட்டை இழுத்தேன். "சார், எங்க ஊர்ல சாமானைக் குறை சொல்லித்தான் வாங்குவாங்க. ஏதாவது சொல்லுங்க."

"முகத்துக்கு நேராவா?" அரண்டுபோனார்.

பிறகு தேவாலயத்தில் நிற்பதுபோல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "மிஸஸ் கேதர்கோல்... மன்னிக்கணும்... உங்க கோஸுல... ஓட்டை இருக்கு."



"என்ன சொன்னே?" என்றார் திர்ஸா. "யோவ் வில்ஃப்! என் கோஸுலயா ஓட்டை? உன் கண்ணுலதான்யா ஓட்டை! உன் தோட்டத்துல ஒரு முள்ளங்கி ஒழுங்கா முளைச்சிருக்கா? வேலிக்கு மேல நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு பவுண்டு! ஒரு பென்னி குறையாது. வை கீழே!"

வில்ஃப் வைத்தார். கோஸ் கைமாறியது. பின்னக் மணியடித்தார், அவர் முகத்தில் இருந்ததை வருத்தம் என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் வில்ஃப் மன்னிப்புக் கேட்கப் பூங்கொத்தோடு போனார். கதவு திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் திறக்கவில்லை.

அடுத்த வியாழன் வெயில் அடித்தது, பஸ் வந்தது, வாங்க ஆள் இருந்தது. திர்ஸாவின் மேசையில் துடைத்து வைத்த ஒரே ஒரு கோஸ், பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி. யார் கேட்டும் கொடுக்கவில்லை. "அந்த ஆள் வரட்டும்."

நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பின்னக்கே கக்கத்தில் பலகையோடு ஓடிப்போய் வில்ஃபைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார்.

"எங்கய்யா ஓட்டை? காட்டு."

வில்ஃப் குனிந்து, கண்ணாடி வழியாக ஒவ்வொரு இலையாகப் பார்த்தார். காது மடல் சிவந்திருந்தது.

"ஓட்டை இல்லதான் திர்ஸா. ஆனா போன வாரத்தைவிடச் சின்னதா இருக்கு."

"சின்னதா! உன் மண்டையைவிடப் பெரிசுய்யா! ஒரு பவுண்டு, வை கீழே!"

பின்னக் பலகையை ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் மணியடித்தார்.