புதுப் போனுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

"நீ டீச்சராயிட்டியாட்டி? பிள்ளைகளுக்கு உண்மையத்தான் சொல்லிக் குடுப்பியா?"

எனக்கு வேலை கிடைத்த அன்று, அம்மாவின் போனில் அத்தை இப்படிக் கேட்டாள். கேலி என்று அம்மா சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா ராஜபாளையத்தில் ஒரு டச் போன் வாங்கி வந்தார். புதுப் பொருளுக்குக் கண் பட்டுவிடக் கூடாதே என்று, அத்தையின் பொட்டு அட்டையிலிருந்து கறுப்புப் பொட்டு ஒன்றை எடுத்து, போனின் முன்பக்கம், திரைக்கு மேலே ஒட்டினேன். கறுப்புப் போனில் அது யாருக்கும் தெரியவில்லை.

அந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தையைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சம்மதம் சொல்லப் போன் செய்தார். பேசி முடித்ததும் திரை இருட்டாக இருந்ததால், கட்டாகிவிட்டது என்று அப்பா போனைக் கட்டிலில் வைத்தார்.

"மாப்பிள்ள வாயவே தொறக்கலியே. அவிய கொண்டாந்த பால்கோவாவத் திங்கவாவது தொறப்பாரா?" என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தோம்.

"எல்லாம் கேட்டுச்சு" என்றது போனிலிருந்து ஒரு குரல்.

சம்பந்தம் அதோடு முறிந்தது.

மறுநாள் போன் கடைக்காரர் பொட்டை உரித்து அப்பா கையில் கொடுத்து, இதனால்தான் லைன் கட்டாகாமலே திரை இருட்டாகிக் கிடந்தது என்றாராம். "யாரு ஒட்டுனது?" என்று வீட்டுக்கு வந்து கேட்டார் அப்பா. அவர் முகத்தைப் பார்த்த பயத்தில், "அத்தை" என்றேன்.

"நான் ஒட்டலண்ணே!"

"படிக்கிற பிள்ள பொய் சொல்லுமா? மாப்பிள்ள பிடிக்காம வேணும்னே பண்ணிருக்க."

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமையை வைத்துத்தான் என் பொய் செல்லுபடியானது. பிறகு அத்தை ஆலங்குளத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அப்பா அவளோடு பேசுவதில்லை.

இன்று மூன்றாம் வகுப்பில் போனைக் காட்டிப் பாடம் நடத்தினேன். "காது வைக்கிற இடத்துக்கிட்ட ஒரு சென்சார் இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒளிய அனுப்பும். கன்னம் கிட்ட வந்தா அந்த ஒளி பட்டுத் திரும்பி வரும். உடனே திரைய அணைச்சிரும். இல்லேன்னா கன்னமே பொத்தான அமுக்கிரும்ல?" சென்சார் மேல் பொட்டை ஒட்டி, பேசிக் காட்டினேன். காதிலிருந்து எடுத்தும் திரை இருட்டாகவே இருந்தது. "இந்தப் பொட்டையும் கன்னம்னு நினைச்சுக்கிடுச்சு."

"போன் ஏமாந்துருச்சு!" என்று கத்தினார்கள். "இத எல்லாம் யாரு டீச்சர் போன்ல ஒட்டுவா?" என்றாள் ஒரு சிறுமி.

"நான் ஒட்டுனேன்."

அன்று போன் ஏமாந்தது எனக்குத் தெரியாது. அத்தைக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது என்பதும், பிடித்ததால்தான் அப்படிக் கேலி பேசினாள் என்பதும் எட்டு வயதில் விளங்கவில்லை.

பொட்டு ஒட்டியது நான்தான் என்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து சட்டையை மாட்டினார். இருவரும் ஆலங்குளம் பேருந்தில் ஏறினோம்.