கல்லூரிக் கடிதம் வந்தபோது நான் சயாமில் இருந்தேன்

அந்த வருஷம் முழுவதும் நான் கல்லூரி தேடிக்கொண்டிருந்தேன். படித்தது ஏழாம் வகுப்பு வரை. பிறகு ரங்கூன், சிங்கப்பூர், சுமத்ராவின் டெலி என்று சுற்றிவிட்டுப் பினாங்கில் வந்து ஒதுங்கி, நீராவிப் படகுகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் பிட்டராக ஒட்டிக்கொண்டேன். இஞ்சினைப் பிரித்து மாட்டுவது நான். அது ஓடும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது வேறொருவர். அவருக்கு ஒரு பட்டம் இருந்தது. என் தேடலுக்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

ஸ்காட்லாந்துக் கப்பல் ஒன்றின் மூன்றாவது இஞ்சினியர், வால்வு பொருத்தும்வரை காத்திருந்த நேரத்தில், தன் ஊரில் பகலில் கப்பல் கட்டும் துறையில் வேலை செய்துகொண்டே மாலையில் இஞ்சினியரிங் படிக்கலாம் என்றார். ஏழாம் வகுப்பு படித்தவனுக்குக்கூடவா என்று கேட்டேன். எழுதிக் கேட்டுப் பார், கேட்பதற்கு யாரும் அடிக்க மாட்டார்கள் என்றார். சுருட்டுப் பெட்டி அட்டையில் ஊர்ப்பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிப் போனார்.

எழுதிக் கேட்பதே ஒரு தனி வேலையாக இருந்தது. என் ஆங்கிலம் பட்டறைக்குப் போதும், கல்லூரிக்குப் போதாது. கப்பல் கம்பெனியொன்றில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த வேதக்காரர் ஒருவர் எனக்கு எழுதித் தந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவிலுக்கு வெளியே கல்மேடையில் உட்காருவோம். தன் ஆபீசில் கழித்துப்போட்ட பழைய விலாசப் புத்தகங்களைக் கொண்டுவருவார். அவற்றில் கல்லூரி என்று தெரிந்ததற்கெல்லாம் எழுதினோம்.

கடிதம் போய்ச் சேர ஒரு மாதம், பதில் வர ஒரு மாதம். சென்னைக் கல்லூரி மெட்ரிக்குலேஷன் கேட்டது. ஹாங்காங் சீனியர் பரீட்சை கேட்டது. லண்டனிலிருந்து வந்த பதிலில் லத்தீன் தெரிந்திருக்க வேண்டும் என்று இருந்தது. கிராணியார் அதை இரண்டு தரம் படித்தார்.

"எனக்குத் தெரிஞ்ச லத்தீன் பூசையில சொல்றது மட்டுந்தான். அத வச்சு இஞ்சின் ஓடாதுலா."

சிரித்தோம். பிறகு வெயிலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். அந்த மாதங்களில் சும்மா இருப்பது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த பதில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. பட்டறையில் எத்தனை வருஷம், பின்னக் கணக்கும் அல்ஜீப்ராவும் வருமா என்று கேட்டிருந்தார்கள். வகுப்பு தொடங்கும் நாளில் இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். மேஸ்திரியின் கடிதமும் வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் நுழைவுப் பரீட்சைத் தாளைத் தபாலில் அனுப்புவார்கள். உள்ளூரில் ஒரு பாதிரியார் முன்னிலையில் உட்கார்ந்து எழுதி, குறித்த நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். எனக்கு அப்போது இருபத்து நான்கு முடிந்திருந்தது. இந்த வருஷம் விட்டால் இல்லை.

கேட்டதெல்லாம் அனுப்பினோம். இதற்குள் ஆபீஸ் விலாசத்துக்கு எனக்கு வரும் கடிதங்களைத் துரை பார்த்துவிட்டு, இது தபாலாபீஸ் இல்லை என்று கிராணியாரைக் கண்டித்திருந்தார். அதனால் பினாங்கு ஸ்திரீட் சந்து ஒன்றில் நான் தங்கிச் சாப்பிட்டுவந்த மெஸ்ஸின் விலாசத்தைக் கொடுத்தேன்.

அந்த மெஸ்ஸை நடத்தியவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பத்து காவான் என்ற ஊர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர். அங்கே ஒருநாள் ஆங்கிலத்தில் ஒரு காகிதம் வந்தது, புருஷன் அதில் கைநாட்டு வைத்தார், கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அக்கா இதை அரிசி களைந்துகொண்டே சொல்வார்.

மெஸ்ஸில் இருபது பேர் இருந்தோம். பாதிப்பேர் ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தைவிட்டு ஓடிவந்தவர்கள். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். முத்திரை அச்சிட்ட உறை வந்தாலோ, கையெழுத்துக் கேட்டாலோ, அந்த ஆள் சயாமுக்குப் போய்விட்டான் என்று சொல்லிவிட வேண்டும். சயாமுக்குப் போனவனை வாரண்டு துரத்தாது என்பது எங்கள் நம்பிக்கை. இரண்டு பேரை நானே அப்படிச் சயாமுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் அக்காவிடம் கல்லூரிக் கடிதத்தைப்பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் இருபது பேரும் என்னை இஞ்சினியர் துரை என்று கூப்பிட ஆரம்பிப்பார்கள். கிடைக்காமல் போனாலும் அந்தப் பெயர் போகாது. கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அக்கரையில் பிறை என்ற ஊரில் தூர்வாரும் கப்பலொன்றின் கொதிகலன் வெடிப்பு விட்டது. பத்து நாள் அங்கேயே தங்கி வேலை. திரும்பி வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அக்கா கேட்காமலே இரண்டாவது மீன் துண்டை வைத்தார்.

"தம்பி, நீ இல்லாத நேரத்துல ஒனக்கு ஒரு சூராட் வந்துச்சு. தடிமனா, முத்திரை போட்ட கவரு. தபால்காரன் கையெழுத்து வேற கேட்டான். நான் விடுவேனா? அவன் சயாமுக்குப் போயி மூணு மாசமாச்சுன்னுட்டேன்."

எதிரில் உட்கார்ந்திருந்த மாட்டுவண்டிக்காரர், "அங்க பொண்ணு கட்டி ரெண்டு புள்ளைன்னும் சேத்துச் சொல்லியிருக்கலாம்லா," என்றார்.

"என்னைக்கு அக்கா?"

"நீ போன மறுநா."

சோறு கையிலேயே இருந்தது. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எந்தத் தோட்டத்துலேருந்து ஓடியாந்த? எங்கிட்டக்கூடச் சொல்லலியே."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. தன் புருஷனுக்குச் செய்ய முடியாமல் போனதை எனக்குச் செய்துவிட்ட திருப்தி என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன். அப்போது அவ்வளவெல்லாம் யோசிக்கவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"அது பழைய சங்கதி அக்கா. நல்லவேளை சொன்னீங்க," என்றேன்.

மறுநாள் அரை நாள் வேலையை விட்டுவிட்டுத் தபாலாபீசுக்குப் போனேன். ஆள் ஊரில் இல்லை என்று குறித்து, போன வாரத் தபால் கப்பலிலேயே அந்த உறையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்நேரம் கொழும்பைத் தாண்டியிருக்கும் என்றார் அங்கிருந்த குமாஸ்தா. ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

நடந்ததை விளக்கிக் கிராணியார் மறுபடி எழுதினார். இந்த முறை அவர் வீட்டு விலாசம். பதில் மரியாதையாகத்தான் வந்தது. குறித்த நாள் கடந்துவிட்டது, இடங்கள் நிரம்பிவிட்டன, அடுத்த வருஷம் எழுதலாம் என்று இருந்தது. வயது விதி மாறாது என்பதையும் கடைசி வரியில் சேர்த்திருந்தார்கள். கிராணியார் காகிதத்தை மடித்தார்.

"வயசக் குறைச்சு எழுதுவமா?"

"முன்னாடி எழுதுனது அவங்க கையில இருக்கே, அண்ணே."

"இருக்கு," என்றார். வேறு ஊர்க் கல்லூரி ஏதாவது பார்க்கலாம் என்று சொன்னார். நானும் பார்க்கலாம் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. அவரும் ஏன் வரவில்லை என்று கேட்டு அனுப்பவில்லை.

மெஸ்ஸில் என் நிலைமை மாறிவிட்டது. நானும் ஓடிவந்தவன் என்று ஆகிவிட்டதால் ஓடிவந்தவர்கள் என்னிடம் சகஜமாகப் பேசினார்கள். அக்கா எனக்காகக் காவல் இருக்கத் தொடங்கினார். தபால்காரர் சந்துமுனையில் தலைகாட்டினால் போதும், அடுப்படியிலிருந்தே என் பக்கம் பார்த்துக் கொல்லைப்புறத்தை நோக்கித் தலையசைப்பார். மறுக்க முடியாது. மறுத்தால் முழுவதையும் சொல்ல வேண்டும்.

அந்த ஊரில் மேலும் ஒரு வருஷம் இருந்தேன். எத்தனை தரம் எழுந்து போயிருப்பேன் என்று நினைவில்லை. சாப்பாட்டுக் கையோடு சாக்கடை ஓரத்தில் போய் நிற்பேன். உள்ளே அக்கா, அந்த ஆள் இங்கே இல்லை என்று தபால்காரரிடம், அவர் கேட்காதபோதும், சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழும். கையில் ஒட்டிய சோறு காய்வதற்குள் கூப்பிட்டுவிடுவார்.