பன்னிரண்டாவது ஆள்

கன்சாஸ் மாநிலத்து ஹார்லன் கிரீக் கல்லூரியில் டாய்ல் ஹெக்கர்ட் இருபத்தாறு பருவங்கள் கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். அந்த நாட்டுக் கால்பந்தில் பந்து காலில் படுவதே அபூர்வம். கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மோதிச் சாய்ப்பதும்தான் ஆட்டம். ஒன்பது முறை வட்டாரக் கோப்பையை வென்றவர் என்பதால் ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கட்டிய மனைவிக்கும் அவர் ‘கோச்’தான்.

சனிக்கிழமை ஆட்டம், ஞாயிறு காலை தேவாலயம், அது முடிந்ததும் படச்சுருள் அறை. முந்தின நாள் ஆட்டத்தைத் திரையில் ஓட்டி, நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, யார் எங்கே பிசகினான் என்று பார்ப்பது அந்தத் தொழிலில் பாதி. டாய்ல் ஒவ்வொரு முறையும் முதலில் தன் ஆட்களை விரல் நீட்டி எண்ணுவார். களத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர்தான் நிற்கலாம்.

1971இல் பருவத்தின் முதல் ஆட்டத்துப் படத்தில் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

“டெல்பர்ட், எண்ணு,” என்றார் உதவிப் பயிற்சியாளரிடம்.

“பதினொண்ணு, கோச்.”

“சரியா எண்ணுய்யா.”

“எத்தன தடவ எண்ணினாலும் பதினொண்ணுதான். காலைல காபி குடிச்சீங்களா இல்லியா?”

டாய்லின் கண்ணுக்கு மட்டும் அவன் தெரிந்தான். மற்றவர்கள் பாய்வதற்குக் குனிந்திருக்க, வரிசையின் ஓரத்தில் கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்றான். பந்து நகர்ந்தபோதும் அவன் நகரவில்லை. படம் பிடிக்கும் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையில் எண் அறுபத்து நான்கு. அந்தச் சட்டையோடு அவனைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அவன் பெயர் ஆர்லன் பெக்மன். கோதுமை விவசாயி வீட்டுப் பிள்ளை, பத்தொன்பது வயது. பயிற்சியின்போது தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது அன்று அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். தண்ணீர் குடித்தால் உடம்பு சொகுசு கண்டுவிடுமாம். ஆகஸ்ட் வெயிலில் இரண்டு வேளைப் பயிற்சி, வாயில் போட உப்பு மாத்திரை, அவ்வளவுதான். டாய்லுக்கு அவருடைய பயிற்சியாளர் செய்ததை டாய்லும் செய்தார். யோசித்துப் பார்க்கிற புத்தி அன்று ஒருவருக்கும் இல்லை.

தூரத்துக் கோல் கம்பத்தடியில், பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில், ஆர்லன் கேட்டான்: “கோச், ஒரு வாய் தண்ணி.”

“ஓடுடா, தாகம் தன்னால போயிரும்.”

ஒரு சுற்று ஓடிவிட்டுத் திரும்ப வந்தான். “கோச், கண்ணு இருட்டிட்டு வருது. ஒரே ஒரு வாய்.”

“இன்னும் ரெண்டு சுத்து ஓடு, பளிச்சுன்னு ஆயிடும்.”

இரண்டாவது சுற்றில் விழுந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

அடக்கத்தின்போது அவன் அம்மா வெர்னா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “அவன் தண்ணி கேட்டானா, கோச்?”

“இல்ல வெர்னா. கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?”

வெர்னா வாயைப் பொத்திக்கொண்டாள். “யார்கிட்டயும் எதையும் கேக்காதேன்னு சொல்லிச் சொல்லி வளத்தேன். நான்தான் அவனக் கொன்னுட்டேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் மறைத்தது ஒரு பிள்ளையின் தாகத்தை. அதற்கான பழியை அந்தத் தாய் தன் தலையிலேயே தூக்கி வைத்துக்கொள்வதையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு வெர்னா உள்ளூரில் நடந்த ஓர் ஆட்டத்தையும் விட்டதில்லை. மூன்றாம் வரிசையில் ஓர இருக்கை, மடியில் கம்பளம். கைதட்ட மாட்டாள். டாய்ல் ஒவ்வொரு வருடமும், இந்தப் பருவம் முடியட்டும், அவளிடம் சொல்லிவிடுவோம் என்று நினைப்பார். பருவம் முடியும், வாய் வராது. பயிற்சியிலும் ஆட்டத்திலும் கால் மணிக்கு ஒருமுறை தண்ணீர் வைத்தார். பதினோரு பேருக்குப் பன்னிரண்டு கோப்பைகள். நல்லது செய்தால் பொய் கரைந்துவிடும் என்று ஓர் அற்ப ஆசை. பன்னிரண்டாவது கோப்பை நிரப்பியது நிரப்பியபடியே இருக்கும். படச்சுருள் போய் வீடியோ நாடா வந்தது. அதிலும் அவன் நின்றான். ஒரே மாற்றம், வருடத்துக்கு ஓர் அடி முன்னால் வந்துகொண்டிருந்தான்.

1994 நவம்பரில் அவருடைய கடைசி ஆட்டம். ஹார்லன் கிரீக் மூன்று புள்ளி முன்னிலை. எதிரணிக்குக் கடைசி வாய்ப்பு. பந்தோடு ஓடி வந்தவனை ஹார்லன் கிரீக் பையன்கள் கோல் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் மடக்கிப் போட்டார்கள். ஊரே களத்துக்குள் இறங்கியது. அப்போதுதான் புல்லில் மஞ்சள் துணி கிடப்பதைப் பார்த்தார்கள். நடுவர் தவறு கண்டிருக்கிறார்.

நடுவர் வெளி மாநிலத்துக்காரர், இந்த ஊருக்குப் புதியவர். “பன்னெண்டு பேர் நின்னாங்க, கோச்.”

டெல்பர்ட் எகிறினார். “கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடுய்யா! பதினொண்ணுதான்!”

“ரெண்டு தடவ எண்ணினேன். ஓரமா ஒரு பையன் குனியாம நின்னுட்டிருந்தான். நம்பர் அறுபத்து நாலு.”

டெல்பர்ட் ஓங்கிய கையை இறக்கினார். இருபத்து மூன்று வருடமாக அந்தக் கல்லூரியில் யாருக்கும் அந்த எண் கிடையாது.

எதிரணிக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. புள்ளி எடுத்தார்கள், ஜெயித்தார்கள். டாய்ல் அதைப் பார்க்கவே இல்லை. பன்னிரண்டாவது கோப்பையை எடுத்துக்கொண்டு, தண்ணீர் தளும்பத் தளும்ப, மூன்றாம் வரிசைக்கு ஏறினார்.

“வெர்னா, அன்னிக்கு நான் சொன்னது பொய். அவன் கேட்டான். ரெண்டு தடவ கேட்டான். நான்தான் ஓடச் சொன்னேன்.”

வெர்னா எழுந்து நின்றாள். “கேட்டானா? எம்புள்ள வாயத் தொறந்து கேட்டானா?”

“கேட்டான். அன்னிலேருந்து ஒவ்வொரு ஆட்டத்துப் படத்துலயும் எங்கண்ணுக்கு மட்டும் வந்து நிக்கிறான்.”

“இத்தன வருஷம் கனவுலகூட எங்கிட்ட வரலியேன்னு அழுதேன். ஒங்கிட்டயே நின்னுட்டிருந்தானா, பாவி?” கோப்பையைப் பிடுங்கி அவர் முகத்தில் வீசினாள். கம்பளத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள். டாய்ல் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஞாயிறு. பழக்கதோஷம், தோற்ற ஆட்டத்தை ஓடவிட்டு விரல் நீட்டி எண்ணினார். பதினொன்று. நாடாவைப் பின்னுக்கு இழுத்து எண்ணினார். பதினொன்று. பழைய நாடாக்களைத் தேடித் தேடிப் போட்டார். எல்லாவற்றிலும் பதினொன்று. ஓரத்தில் வெறும் புல். நிம்மதி வர வேண்டிய இடத்தில் அவருக்குப் பயம்தான் வந்தது.

தொலைபேசி மணி அடித்தது.

“நான் வெர்னா,” என்றாள். “காலைல எழுந்து வந்தா சமையலறைக் குழாய் தொறந்து ஓடிட்டிருக்கு. பக்கத்துல அவனோட பழைய டம்ளர். அத நான் பரண்மேல கட்டி வெச்சிருந்தேன்.”

அவள் பக்கமிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

“குழாய மூடலியா, வெர்னா?”

“மூடல. இன்னும் குடிச்சிட்டிருக்கான்.”