வீட்டில் நடந்த நான்காம் வகுப்பு

என் மகளும் மகனும் பள்ளிக்கூடத்தில் வாசலோரம் உட்கார்ந்திருந்தது பதினேழு நாள். பதினெட்டாம் நாள் நான் போய் இருவரையும் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது, மகனுக்கு ஏழு.

காரணம் வாடை. நான் ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் கிடங்கில் தோல் எண்ணும் வேலை பார்த்தேன். வீடும் கிடங்கை ஒட்டியே இருந்தது. தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி எங்கள் கொல்லைச் சுவரிலிருந்து முப்பத்தோரு அடி, நானே அளந்திருக்கிறேன். துணியை எத்தனை முறை துவைத்தாலும் அந்த வாடை போகாது. எங்களுக்கோ அது தெரியவே தெரியாது. பள்ளியில் எல்லா வகுப்பும் ஒரே கூடத்தில் நடக்கும். மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டதால் வாத்தியார் இவர்களைக் காற்று வரும் வாசலுக்கு மாற்றிவிட்டார். மழை வந்தால் சாரல் இவர்கள் பலகையில் அடித்து எழுத்தை அழிக்கும்.

தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். மற்றப் பெற்றோர் புகார் சொல்கிறார்கள் என்றார். கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

"அப்ப நானே வூட்ல சொல்லிக் குடுக்கறேன் சார். சித்திரைல இட்டாரேன், நீங்களே பரீட்சை வெச்சிப் பாருங்க. தேறிட்டா எல்லாரோடயும் சேத்து உக்கார வெக்கணும்."

"தோல் எண்றதும் பாடம் சொல்றதும் ஒண்ணாய்யா?" என்று சிரித்தார். அறையில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள்.

சொல்லிவிட்டேனே தவிர, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது நான் படித்த பள்ளிக்கூடம்தான். அதையே வீட்டில் வைத்தேன். காலை ஐந்தரை முதல் எட்டு மணி வரை பாடம். சுவரில் ஒரு அட்டவணை, கையில் ஒரு பிரம்பு. பாட வேளை ஆறு. கேள்வி கேட்டால் மட்டும்தான் பேச வேண்டும். பன்னிரண்டு நாளில் மகன் நெல் குதிருக்குப் பின்னால் நான்கு முறை ஒளிந்துகொண்டான். மகள் ஒளியவில்லை. ஆனால் மூன்றாம் வகுப்பில் தெரிந்த கணக்கைக்கூட என் முன்னால் தப்பாகப் போட்டாள்.

என் மனைவி அடுப்படியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்றாம் நாள் வெளியே வந்தாள்.

"அங்க மூக்க மூடிக்கினாங்க. இங்க நீங்க வாய மூடச் சொல்றீங்க. இதுக்கு இன்னாத்துக்கு இட்டாந்தீங்க?"

அவள் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆயிற்று. பிறகு அட்டவணையைக் கிழித்தேன். பிரம்பை அவளே அடுப்பில் வைத்துவிட்டாள்.

மறுநாள் வேலையாட்கள் வருவதற்கு முன்பே இருவரையும் கிடங்குக்குக் கூட்டிப்போனேன். எங்கள் கிடங்கில் இருபது தோல் ஒரு கட்டு. கிழிசலை எடுத்து ஒதுக்கிவிட்டு மீதியை எண்ண வேண்டும். இருவரும் எண்ணினார்கள், எண்ணிக்கொண்டே சத்தமாகச் சண்டை போட்டார்கள், மறுபடியும் எண்ணினார்கள். கட்டுகளின் மேல் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களை மகன் எழுத்துக்கூட்டிப் படித்தான். கிடங்குக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எங்கள் வகுப்புக்கும் வெள்ளிதான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பாடம் உண்டு. கார்த்திகைக்குள் மகள் என் எண்ணிக்கையிலேயே இரண்டு முறை பிழை கண்டுபிடித்தாள்.

"இன்னா கணக்கரே, உன் பொண்ணு உன்னயே வேலய வுட்டுத் தூக்கிடும் போல கீதே! ஜாஸ்தி பேஜார்தான் உனக்கு" என்றார் முதலாளி. எனக்குப் பேஜாராக இல்லை. அன்று அதைக் கிடங்கில் பதினோரு பேரிடம் சொன்னேன்.

காய்ச்சல் நாளையும் வெள்ளிக்கிழமைகளையும் கழித்தால் மொத்தம் இருநூற்று முப்பத்தொன்பது நாள் பாடம் நடந்தது. சித்திரையில் சொன்னபடி போய் நின்றோம்.

மகனுக்குச் சொல்வதெழுதுதல் வைத்தார்கள். பத்துச் சொல்லில் நான்குதான் சரி. அடுத்து மகள். பாட்டை ஒப்பித்தாள், படிக்கச் சொன்னதைப் படித்தாள். கணக்குக்கு வந்தார்கள். நாற்பத்தேழைப் பதினெட்டால் பெருக்கு என்றார் தலைமை ஆசிரியர். அவள் பலகையைத் தொடாமலே, "எண்ணூத்தி நாப்பத்தாறு" என்றாள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ வெளிய போய் நில்லுய்யா" என்றார். நான் வாசலுக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே பேசுவது நன்றாகவே கேட்டது.

"எப்படிம்மா வந்துச்சு? வழி இல்லாத வெறும் விடை செல்லாது."

"நாப்பத்தேழு கட்டு சார். கட்டுக்கு இருபது தோலு, தொள்ளாயிரத்தி நாப்பது. ஒவ்வொரு கட்டுலயும் ரெண்டு கிழிசல். தொண்ணூத்தி நாலு தோல தள்ளிட்டா மீதி நிக்குது."

பிறகு அவர் இன்னும் மூன்று கணக்கு கொடுத்தார். மூன்றும் சரி. என்னை உள்ளே கூப்பிட்டார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

"பையன் இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டும். பொண்ண அஞ்சாம் வகுப்புல சேத்துக்கறேன்."

"எங்க சார் உக்கார வெப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் மேசையைப் பார்த்தார். "கொஞ்ச நாளைக்கு வாசலோரமே இருக்கட்டும். மத்தவங்க ஒத்துக்கணுமில்ல?"

எனக்கு வாயில் வார்த்தை வந்துவிட்டது. அதற்குள் என் மகள் முந்திக்கொண்டாள்.

"அஞ்சாங் கிளாஸ் புஸ்தகம் மட்டும் குடுங்க சார். வூட்லயே படிச்சிக்கிறோம். வர சித்திரைக்கு வந்து ஒப்பிக்கறேன்."

பத்து மாதம் நான் சொல்லிக்கொடுத்தவற்றில் இந்தப் பேச்சு இல்லை. தலைமை ஆசிரியர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். புத்தகத்தோடு, இவள் ஐந்தாம் வகுப்புக்குத் தகுதியுள்ளவள் என்று ஒரு தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை நான் வாங்கப் போனேன். அவர் அதை அவள் கையில் கொடுத்தார்.

திரும்பும் வழியில் பாலாற்று மணலில் இறங்கினோம். மகன் என் தோளில் இருந்தான். "மொத பாடம் இன்னான்னு பாருப்பா" என்றாள் மகள். நடந்துகொண்டே படித்தோம். அக்கரை ஏறுவதற்குள் இரண்டு பாடம் முடிந்திருந்தது.