ஷிப்டில் தெரியாத தங்கம்

நகைக்கடையில் விற்பதைவிடக் கஷ்டமான வேலை, அடுத்த வருஷம் எவ்வளவு விற்கும் என்று எழுதிக் கொடுப்பது. மேலிடத்துக்கு மதிப்பீடு அனுப்பி மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். படப்பைக் கிளையில் நான் எழுதியவற்றில் ஒன்றே ஒன்று பலித்தது. அது எப்படிப் பலித்தது என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்; ஆனால் நானே சில வருஷங்களாக அதை முழுசாக நம்பவில்லை.

வெறுங்கழுத்து

கிளை திறந்த புதிதில் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேட் எதிரே நின்றேன். ஷிப்ட் முடிந்து வந்த பெண்களிடம் ஒரு கம்மல்கூடக் கண்ணில் படவில்லை. 'இங்கே தங்கத்துக்குத் தேவை குறைவு' என்று எழுதினேன். மேலிடம் சரக்கைக் குறைத்தது. பண்டிகைக்கு வந்தவர்களுக்குக் காட்ட எங்களிடம் நகை இல்லை.

பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து கடைக்கு வந்தார் மேரி, அதே தொழிற்சாலையில் உற்பத்தி லைன் லீடர். கழுத்தில் இரண்டு செயின். "இன்னா சார், கேட்டாண்ட நின்னு எங்க கழுத்தப் பாத்துக்கினு இருந்தீங்களாமே. லைன்ல நகை போட்டா மிஷின் இழுத்துடும், உள்ள வுட மாட்டாங்க. ஞாயித்துக்கெழம வந்து பாருங்க."

எட்டு மணி நேரப் பிளாட்டினம்

அடுத்தது, 'இனி பிளாட்டினம்தான்' என்று எங்கோ படித்ததை நம்பி எழுதியது. கல்யாண மோதிரம் கேட்டு வந்த இருங்காட்டுக்கோட்டை குமாரிடம் பிளாட்டின மோதிரத் தட்டை நீட்டினேன். கார் புகைக்குழாய்க்குள் வைக்கும் பாகத்துக்குப் பிளாட்டினக் கலவை பூசுவது அவர் வேலை. ரோட்டில் போகும் வண்டியெல்லாம் தன் கைபட்டது என்று நிமிர்ந்து சொன்னவர், தட்டை மட்டும் என் பக்கமே தள்ளினார். "தெனம் எட்டு மணி நேரம் அதத்தான் சார் பாத்துக்கினு கீறேன். கல்யாணத்துக்காவது மஞ்சளா எதுனா காட்டுங்க."

மூன்றாவது மதிப்பீடு

பிறகு தங்கம் விலை ஏறிக்கொண்டே போனது. இந்த மதிப்பீடும் தப்பானால் கிளையை மூடுவோம் என்றார் மண்டல மேலாளர். கிளையில் வேலை பார்ப்பவர்கள் நாங்கள் ஏழு பேர். விஷயத்தைச் சொல்லி மேரியைக் கேட்டேன். "வாங்கறத நிறுத்த மாட்டாங்க சார். சவரன் வாங்குனவங்க கிராம் வாங்குவாங்க. ஆனா ஆளுங்க ஜாஸ்தி வருவாங்க." அப்படியே எழுதினேன். மேலாளர் சிரித்தார்: "லைன்ல நிக்கற அம்மா சொன்னத நம்பியா எழுதுனீங்க?"

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, ஷேர் ஆட்டோக்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு கிராம் காசு, பொட்டு மூக்குத்தி, வெள்ளிக் கொலுசு. எடை குறைந்தது, கூட்டம் கூடியது, கிளை பிழைத்தது. என் உத்தியோகத்தில் அப்படி நெஞ்சு நிமிர்ந்த நாள் வேறில்லை. ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் மேரியின் லைனில் வேலை செய்பவர்கள். போன மாதம் திருகாணி மாற்ற வந்தவரிடம் கேட்டே விட்டேன்: "மேரிம்மா, நடக்கப்போறதச் சொன்னீங்களா, இல்ல எங்க ஏழு பேருக்காகச் சொன்னத நடத்திக் காட்டுனீங்களா?"