பொட்டலில் உட்கார்ந்திருந்த மேரியக்கா

முந்தாநாள் காலையில் தறிக்கான பாவு நூலுக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தேன். மேரியக்காவின் புருஷன், சாயப்பட்டறை அந்தோணி, வந்து நின்றார். "காய்ச்சல் தாங்காம மேரி போய்ட்டாளுங்க" என்றார். ஓயாமல் கேலி பேசுகிற நான் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தேன்.

நம் தெருக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். அம்மாபேட்டையில் விடிந்தால் தெரு நீளத்துக்கும் பாவு நூலை இழுத்துக் கட்டிவிடுவோம். இழை அறுந்தால் வேலை கெடும் என்று விளையாட வருகிற பிள்ளைகளை எல்லோருமாக விரட்டுவோம். அப்படி விரட்டிய ஒரு காலையில், அந்தோணி மேரி தம்பதியின் ஒரே மகள், நாலு வயது ரோசி, பட்டறைக்குள் ஓடிக் கொதிக்கிற சாயக் கொப்பரையில் விழுந்தாள். ஜட்கா வண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டது.

அடக்கம் ஆன மறுநாள் வீட்டுக்கு வீடு பிள்ளைகளைப் பழைய சேலையால் தறிக்காலில் கட்டிப்போட்டோம். மேரியக்கா என் வீட்டுக்குள் வந்து, கேட்காமலே முடிச்சை அவிழ்த்தார். என் சம்சாரம் அலறினாள்.

"ஏனுங்க அக்கா, உங்களுக்கே இப்படி ஆயிருச்சு! நீங்களே அவுக்கறீங்களே?"

"எம்புள்ள ஓடுனதால சாவலீங்க. ஓடறதுக்கு எடமில்லாமச் செத்தா."

பட்டறைக்குக் கதவு போடவைத்தார். மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் முள்ளையும் கண்ணாடிச் சில்லையும் பொறுக்கினார். பாவு கட்டும் நேரமெல்லாம் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார். நான் சும்மா இருப்பேனா?

"அங்க ஒருத்தன் மரமேறறான், இங்க ரெண்டு பேரு மண்ணுல கட்டிப் பொரளறாங்க. நீங்க கல்லாட்டம் உக்காந்திருக்கீங்க. ஆடு மேய்க்கறவன்கூட ஒரு சத்தம் குடுப்பானுங்க அக்கா!"

"கண்ணு அவங்க மேலதானுங்க இருக்குது. கையி எதுக்கு?"

கிட்டத்தில் போனால்தான் தெரியும். ஏறினவன் இறங்கும்வரை அக்கா மூச்சு விடமாட்டார். முந்தானையை முறுக்கிய விரல்கள் வெளுத்துப் போயிருக்கும். விழுந்த பிள்ளை தானே எழுந்து ஓடினால், "அப்படித்தான் சாமி" என்பார். அவ்வளவுதான். தெருவையே சிரிக்கவைத்த என்னால் அவரை ஒருநாளும் சிரிக்கவைக்க முடியவில்லை.

நேற்று அக்காவின் சவப்பெட்டியைத் தூக்கிப் போகும்போது பொட்டலில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். "எழவுன்னு தெரியல? அடக்குங்கப்பா" என்றார் ஒரு பெரியவர்.

"ஓடட்டும், உடுங்க" என்றார் அந்தோணி.

இன்று பாவு கட்டும் நேரத்தில் நான் புளியமரத்தடிக்குப் போனேன். ஒரு பொடியன் கிளை மாற்றிக் கிளை ஏறினான். கேலி வரவில்லை, விழுந்துவிடுவானோ என்று துண்டை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைச் சுமந்துகொண்டா அக்கா தினமும் இங்கே உட்கார்ந்திருந்தார்? சிரிப்பு என்னிடம் ஏற்கனவே நிறைய இருக்கிறது. அக்காவிடமிருந்து இந்தப் பயத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். பொடியனைக் கீழே இறங்கச் சொல்லவில்லை.