வாய் மாறிய ரொபி

ரொறன்ரோவில் நான் படிக்கும் பல்கலைக்கழக நூலகத்தில், பக்கத்தில் இருந்த எமிலி தன் குறிப்புகளை என் பக்கம் தள்ளிவிட்டாள். போன வகுப்புக்கு நான் வரவில்லையாம், தேவைப்படுமாம். "இதற்கு நான் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டேன். பாடத்தில் சந்தேகம் கேட்கிறேன் என்று நினைத்து, அவள் முதல் கணக்கை விளக்கத் தொடங்கிவிட்டாள். நான் கேட்டது விலையை. அப்படிக் கேட்கப் பழக்கியது என் ஊர்.

வன்னியில் நான் படித்த பல்கலைக்கழக வளாகத்தில், சோதனைக்கு முன் சீனியர்மார் புதியவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். அதற்குக் குப்பி என்று பெயர். நாயாற்றில் மீன்பிடிக்கும் குடும்பத்திலிருந்து போனவள் நான். என் அறைத்தோழி யோகாவின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து ஓமந்தைப் பக்கம் வயலெடுத்துக் கமம் செய்தது. வீட்டில் பாடம் கேட்க இருவருக்கும் ஆளில்லை, குப்பிதான் கதி. ஆனால் அதற்குப் போக முதலில் றாகிங்குக்கு இணங்கவேண்டும். ஒரு பின்னேரம் எங்களை வரிசையாக நிறுத்தி, முதலாவது பெண்ணின் வாயில் ஒரு ரொபியை, இனிப்பு மிட்டாயை, போட்டார்கள். சூப்பிவிட்டு அடுத்தவளின் வாய்க்குக் கொடுக்கவேண்டும். பலருடைய எச்சில் வழிய அது என்னிடம் வந்தபோது குமட்டியது. வாயைத் திறக்க மறுத்துவிட்டேன். "இதுதானடி ஒற்றுமை," என்றான் பொறுப்பாக நின்ற சீனியர் அண்ணன். யோகா கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாள். பிறகு குழாயடியில் வாயைக் கழுவிக் கழுவி, "நான் குப்பிக்குப் போய்ப் படிச்சுக்கொண்டு வந்து உனக்கும் சொல்லித்தாறன். அழாதை," என்றாள்.

சொன்னபடியே, உடுப்புத் தோய்க்கிற இடத்தில் வைத்து எனக்குப் புள்ளிவிபரவியல் சொல்லித்தந்தாள். அம்மா தொலைபேசியில், "எல்லாரோடையும் அனுசரிச்சுப் போ பிள்ளை," என்பா. யாரோ எங்களைக் கண்டு கோள் சொல்ல, அந்த அண்ணன் யோகாவை மறித்தான்.

"அவளோட கதைக்கிறதை விடு. இல்லாட்டி உனக்கும் குப்பி இல்லை."

"அவ என்ரை சிநேகிதி அண்ணா. விடமாட்டன்."

அன்றோடு வகுப்பே அவளுடனும் கதைப்பதை நிறுத்தியது. நாங்கள் சாப்பிட இருந்தால் பக்கத்துக் கதிரைகள் காலியாகும். யோகா புத்தகத்தைத் திறந்துவைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அவள் போதுமாக இருந்தது, சோதனையில் சித்தியடைந்தேன். அவளுக்கு நான் போதவில்லை. அதே சோதனையில் தவறி, விடுமுறைக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை.

போன மாதம் இங்கே அந்த வளாகத்தின் பழைய மாணவர் ஒன்றுகூடல். தமிழ் கேட்கும் ஆசையில் போனேன். மேடையில் அதே அண்ணன். ஊர் மாணவர்களுக்கு உதவப் போகிறாராம். "நாங்கள் ஒரு குடும்பமாய் இருந்தனாங்கள். குப்பி இல்லாட்டி இஞ்சை ஆர் பாஸ் பண்ணியிருப்பியள்?" என்றான். ஒரே கைதட்டல். இறங்கி வந்தவன் என்னைக் கண்டு பல்லைக் காட்டினான்.

"தங்கச்சி, எப்பிடிச் சுகம்?"

"யோகா பாஸ் பண்ணேல்லை."

"எந்த யோகா?"

அவன் நடிக்கவில்லை. உண்மையாகவே நினைவில்லை. வாசலுக்கு வந்து கதவைத் திறந்தேன். உள்ளே என் தமிழில் சிரிப்பு. வெளியே பனி, என்னைத் தெரியாத தெரு. குளிரங்கியின் ஒரு கையை மட்டும் மாட்டியபடி அப்படியே நின்றேன்.

"ஆரது? ஒண்டில் உள்ளை வாங்கோ, இல்லாட்டி வெளியிலை போங்கோ. குளிர் அடிக்குது!" என்று உள்ளிருந்து ஒருவர் கத்தினார்.